ஒன்பதாம் பக்கமும் மாமி வீட்டுக் கடப்பும்

கட்டிட வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் கொந்தராத்துத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, மதில் கட்டத் தெரியாதவர்களை நான் இந்தத் தொழிலில் அதிகம் கண்டதில்லை. ஆனால் அரசாங்க வேலை விபரத்தைக் கடைசிப் பக்கம் வரைக்கும் விடாமல் போனவர்கள் என்று இரண்டு பேரைத்தான் கண்டிருக்கிறேன். ஒருவர் எஞ்சினியர். மற்றவர் என் மாமி. மாமிக்கு இங்கிலீசு தெரியாது. தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்.

வேலை விபரம் என்று நான் சொல்வது நீங்கள் இப்போது "ஸ்கோப்" என்கிறீர்களே, அதைத்தான். எந்த வேலை, எந்த எல்லைக்குள், எப்படிச் செய்வது, எதைச் செய்யாமல் விடுவது என்று அரசாங்கம் எழுதித் தரும் கடுதாசி. எங்கள் காலத்தில் அது முழுக்க இங்கிலீசில், தட்டச்சில் வரும். முதல் இரண்டு பக்கத்தில் வேலை இருக்கும். பிறகு சீமெந்துக்கு மண் எத்தனை பங்கு, ஆணி எத்தனை அங்குலம் என்று நீளும். கடைசிப் பக்கங்கள் எல்லா வேலைக்கும் ஒன்றுபோலவே இருப்பதாக நமக்குத் தோன்றும். அப்படி எனக்குத் தோன்றியதால்தான் பேசி முடித்த என் கலியாணம் ஒரு கிழமைக்கு அந்தரத்தில் தொங்கியது.

ஐம்பதுகளில் நடந்தது இது. அம்பாறை அப்போது தனி மாவட்டமாகவில்லை. கல்முனைக்குத் தெற்கே, பெரிய ரோட்டுக்கும் கடலுக்கும் இடையில் எங்கள் ஊர். நான் ஒரு ஹாஜியாரிடம் கிளாக்கராக இருந்தேன். ஹாஜியார் பதிவு பெற்ற கொந்தராத்துக்காரர். அவர் கையெழுத்து வைப்பார், நான் வாசிப்பேன். இங்கிலீசுப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்த திமிர் எனக்கு நிறைய இருந்தது. வேலை விபரம் வந்ததும் முதல் நாலு பக்கத்தை வாசித்துவிட்டு, மிச்சத்தைக் கட்டைவிரலால் விசிறிப் பார்ப்பேன். "எல்லாம் பார்த்தாச்சு ஹாஜியார்" என்பேன். அவரும் பிஸ்மி சொல்லிக் கையெழுத்து வைத்துவிடுவார்.

அந்த முறை வந்த வேலை சின்னது. ஊரில் இருந்த பிரசவ விடுதியைச் சுற்றி மதில் எழுப்ப வேண்டும். நாலு பக்கமும் ஆறடி உயரம், ரோட்டுப் பக்கம் ஒரே ஒரு வாசல். வரைபடத்தில் நாலு கோடு, ஒரு இடைவெளி. இதில் வாசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

விடுதியின் பின்புறம் வீடுகள். அதில் முதலாவது வீட்டுப் பெண்ணைத்தான் எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்த்தான் குடியிருப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நான் கட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம்தான் நான் வாழப் போகும் வீடு. எனக்கு அந்தப் பெண் மேல் பெரிய ஆசை. இப்போது சொல்ல என்ன வெட்கம்? ஒரே ஒரு தரம் கண்டிருந்தேன். மற்ற நேரமெல்லாம் கிடுகு வேலிக்கு அப்பால் கேட்கும் காப்புச் சத்தம்தான்.

இனிக் கடப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்களில் வளவை எவ்வளவு இறுக்கமாக அடைத்தாலும், பின்பக்கத்தில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி விடுவார்கள். அதுதான் கடப்பு. பெண்கள் தெருவில் இறங்காமலே வீட்டுக்கு வீடு போய்வருவது அதனூடாகத்தான். அடுப்புக்கு நெருப்பு, கறிக்குத் தேங்காய், ஊர்க் கதை எல்லாம் அந்த வழியால்தான் போகும். இரண்டு குடும்பம் வருடக் கணக்கில் முகம் கொடுத்துக் கதைக்காமல் இருக்கும், ஆனால் கடப்பை அடைக்க மாட்டார்கள். விடுதியின் பழைய வேலியிலும் அப்படி ஒன்று இருந்தது. பின்வீட்டுப் பெண்கள் விடுதிக் கிணற்றுக்கு வருவதும், வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மருத்துவிச்சியைக் காண வருவதும் அதனூடாகத்தான்.

எங்கள் தலைமைக் கொத்தனார், மேசன் பாஸ் ஆதம்பாவா, பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு மதிலை எழுப்பினார். கடப்பு இருந்த இடத்தில் மூன்று அடி விட்டுக் கட்டினார். யாரும் அவரிடம் விடச் சொல்லவில்லை. அவரும் யாரிடமும் கேட்கவில்லை. கை தன்பாட்டில் விட்டுவிட்டது. அதை விடப் பெரிய கூத்து, நாடா பிடித்து அளந்த நான் செய்தது. அந்த மூன்றடிக்கு மேலாகவும் நாடாவை இழுத்துப் பிடித்து, "பின் மதில் இடைவெளியின்றி முழுமையாக முடிந்தது" என்று இங்கிலீசில் அழகாக எழுதினேன். நான் பொய் எழுதவில்லை தம்பிமாரே. என் கண்ணுக்கு அது முழு மதிலாகத்தான் தெரிந்தது. கடப்பு இல்லாத மதிலை நான் பிறந்ததிலிருந்து கண்டதே இல்லை.

எஞ்சினியர் மட்டக்களப்பிலிருந்து காரில் வந்தார். கொழும்பில் பிறந்து வளர்ந்த தமிழர், வயதில் இளையவர். வெள்ளைச் சப்பாத்து, மடிப்புக் குலையாத காற்சட்டை. மதிலைச் சுற்றி நடந்தவர் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"கடப்பு சேர்" என்றேன், மரத்தைக் காட்டி மரம் என்று சொல்வது போல.

அவர் வரைபடத்தை விரித்தார். "இதில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்."

நான் குனிந்து தேடினேன். உண்மையாகவே தேடினேன். அப்போதுதான் எனக்கு முதன்முதலாக வியர்த்தது.

"நான் கேட்டது மதில்" என்றார் எஞ்சினியர். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "விபரத்தில் இருப்பதைச் செய்யாமல் விடுவது எப்படிப் பிழையோ, இல்லாததைச் செய்து வைப்பதும் அப்படித்தான். வியாழக்கிழமை காலையில் வருவேன். இது அடைபட்டிருந்தால் வேலையைப் பாரம் எடுப்பேன். இல்லாவிட்டால் எடுக்க மாட்டேன்."

கார் போனதும் ஹாஜியார் என்னைப் பார்த்தார். "அடைச்சிப் போட்டு வேலய முடிங்க கிளாக்கர். இல்லாட்டி நீங்க வேற இடம் பாருங்க."

நான் ஆதம்பாவாவைப் பார்த்தேன். அவர் மட்டக்கம்பைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய வீடும் அந்தப் பின்பக்கம்தான்.

"நான் அடைக்க மாட்டன். எனக்கு வீட்ட சோறு வேணும். நீங்க அடைங்க, நான் கல்லு எடுத்துத் தாறன்."

செய்தி எனக்கு முன்பே பின்வீட்டுக்குப் போய்விட்டது. எதனூடாகப் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அன்று பின்னேரமே பெண்ணின் தாயார், அதுதான் என் மாமி, ஆளனுப்பிவிட்டார். நான் தெருப் பக்க வேலிக்கு வெளியே நின்றேன், மாமி உள்ளே நின்றார். முகம் தெரியவில்லை, ஆனால் குரல் நன்றாகவே தெரிந்தது.

"மகன், கடப்ப அடைக்கப் போறியாமே?"

"ஓம் மாமி. எஞ்சினியர் செல்லிட்டார்."

"அப்ப நான் செல்லுறதயும் கேட்டுக்க. என்ட கடப்ப அடைச்சவன் என்ட வளவுக்குள்ள மாப்பிள்ளையா வர ஏலா. கடப்பு இரிந்தா கலியாணம் இரிக்கி. கடப்பு இல்லாட்டி அதுவும் இல்ல."

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கடப்பை அடைத்தால் கலியாணம் இல்லை. அடைக்காவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எந்தப் பக்கம் கிறுகினாலும் எனக்குத்தான் அடி.

"கடப்பு வைக்கக் கூடாண்டு அந்தக் கடுதாசியில எழுதியிரிக்கா?" என்று மாமி கேட்டார்.

"அப்படி ஒண்டும் இல்ல மாமி."

"முழுக்க வாசிச்சியா?"

"வாசிச்சன்."

"அப்ப எனக்கும் வாசி."

எனக்குச் சிரிப்பு வந்தது. மாமிக்கு வரவில்லை. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பத்திரத்தோடு போனேன். வேலிக்கு வெளியே ஓர் உரலைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக இங்கிலீசில் பார்த்துத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

மாமி சும்மா கேட்கும் ஆள் இல்லை. கடற்கரை மண் பாவிக்கக் கூடாது என்று வாசித்தால், "ஓம், உப்புப் பூக்கும்" என்பார். சுண்ணாம்பை இத்தனை நாள் ஊறவிட வேண்டும் என்றால், "ஆதம்பாவா ஊறவிட்டானா?" என்று கேட்பார். அவர் பக்கத்து வளவிலிருந்து "விட்டன் மச்சி" என்று கத்துவார். நாலாம் பக்கம் முடிந்ததும், "இனி ஆணியும் கம்பியும்தான் மாமி, அது வேணாம்" என்றேன்.

"ஆணியயும் வாசி."

அந்த நேரம் வேலிக்குப் பின்னால் இன்னொரு ஆள் வந்து நின்ற அசுமாத்தம். காப்புச் சத்தம் கேட்டது. யாருடைய காப்பு என்று எனக்குத் தெரியும். ஆணிகளைப் பற்றிய அந்தப் பகுதியை அவ்வளவு இனிமையான குரலில் இந்த உலகத்தில் வேறு யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

ஒன்பதாம் பக்கம் வந்தது. பாதி வாசித்தவன் வாயை மூடிவிட்டேன்.

"ஏன் நிப்பாட்டின?"

"மாமி... இதுல ஒரு விசயம் இரிக்கி."

இருந்தது இதுதான். வேலைத்தளத்தின் ஊடாக ஊரவர்கள் வழமையாகப் பாவிக்கும் பாதை ஏதும் இருந்தால், கொந்தராத்துக்காரர் வேலை தொடங்குமுன் அதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். பாவனையில் இருப்பதை எஞ்சினியர் நேரில் கண்டு உறுதிப்படுத்தினால், அந்தப் பாதை அடைக்கப்படாமல் விடப்படும்.



"தொடங்க முன்ன எண்டா எப்ப மகன்?"

"மூண்டு மாசத்துக்கு முந்தி மாமி."

"அப்ப நீ வாசிச்சன் எண்டு செல்லினது?"

பத்திரத்தை மடித்து மடியில் வைத்தேன். காப்புச் சத்தம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் பட்ட வெட்கத்தை நான் பிறகு எந்த அரசாங்கக் கந்தோரிலும் படவில்லை. இந்தக் கதையில் நீங்கள் கொண்டுபோக வேண்டிய இடம் இதுதான் தம்பிமாரே. பத்திரத்தில் எழுதியவர் நம் ஊரைக் கண்டதில்லை. ஆனால் தான் காணாதது ஏதும் இருக்கலாம் என்று யோசித்து, கேட்பதற்கு ஓரிடம் விட்டிருந்தார். ஊரைக் கண்ட நான்தான் அந்த இடத்தை வாசிக்கவில்லை.

வியாழக்கிழமை எஞ்சினியர் வந்தார். கடப்பு அப்படியே திறந்து கிடந்தது. அவர் வாய் திறக்குமுன் நான் கடிதத்தை நீட்டினேன். பாதையைப் பற்றி மூன்று மாதத்துக்கு முன் அறிவித்திருக்க வேண்டும், அறிவிக்காதது என் பிழை, பத்திரத்தை நான் முழுக்க வாசிக்கவில்லை என்று ஒளிக்காமல் எழுதியிருந்தேன். ஹாஜியார் என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த கிளாக்கரின் முகம் தெரிந்தது.

எஞ்சினியர் தன் பிரதியை எடுத்து ஒன்பதாம் பக்கத்தை நிதானமாக வாசித்தார்.

"பிந்தியிருக்கிறீர்கள். ஆனாலும் நிபந்தனை இருக்கிறது. பாவனையில் இருப்பதை நான் கண்ணால் காண வேண்டும். காட்டுங்கள்."

நானும் ஹாஜியாரும் எஞ்சினியரும் கடப்புக்கு எதிரே வரிசையாக நின்றோம். அரை மணி போனது. ஒருவரும் வரவில்லை. ஒரு மணி போனது. ஓர் ஆடு வந்தது. கடப்பில் நின்று எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டு, விடுதி வளவுக்குள் வந்து செம்பரத்தையைக் கடித்தது.

"சேர்" என்றேன் நம்பிக்கையோடு.

"ஆட்டை ஊரவர் என்று எழுத முடியாது" என்றார்.

அப்போது ஆதம்பாவா ஒரு மூளை வேலை காட்டினார். எங்கள் கூலியாட்கள் நாலு பேர், சந்தைக்குப் போவது போல முகத்தை வைத்துக்கொண்டு, கடப்பால் ஒவ்வொருவராக நுழைந்து வந்தார்கள். ஒருவர் எஞ்சினியருக்கு ஸலாம் வேறு சொன்னார். எஞ்சினியர் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவே இல்லை. முழங்கால் வரை காய்ந்திருந்த சீமெந்தைப் பார்த்தார். நாலு பேரும் வந்த வழியே திரும்பினார்கள்.

எஞ்சினியர் மணிக்கூட்டைப் பார்த்தார். "யாரும் பாவிக்கவில்லை. அடையுங்கள்."

அந்த ஒரு நொடியில்தான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊர்ப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விசயம், பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது.

"சேர், நாங்க நிண்டா அவங்க வர மாட்டாங்க. பெண்கள் போற வழி இது. வேற்று ஆம்புள நிக்கிற இடத்தால வருவாங்களா? நீங்க பார்க்கிற வரைக்கும் இது பாவனையில இரிக்காது சேர்."

"நான் பார்க்காமல், பார்த்தேன் என்று எப்படி எழுதுவது?"

நியாயமான கேள்வி. நான் கீழே பார்த்தேன். எங்கள் ஊரில் கீழே பார்த்தால் வேறு என்ன தெரியும்? வெள்ளை மணல். நாங்கள் நின்றும் நடந்தும் அதை உழுது வைத்திருந்தோம்.

"மண்ணக் கூட்டி வைப்பம் சேர். போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வருவம். வந்து பாருங்க."

எஞ்சினியர் யோசித்தார். பிறகு கையை நீட்டினார். "விளக்குமாற்றை என்னிடம் தாருங்கள். உங்கள் ஆட்களை நான் நம்ப மாட்டேன்."

அரசாங்க எஞ்சினியர் ஒருவர் காற்சட்டையை மடித்துவிட்டு, வெள்ளைச் சப்பாத்தோடு பின்பக்கமாகவே அடி வைத்து, கடப்படியின் இரண்டு பக்கமும் மணலைக் கூட்டியதை நான் என் கண்ணால் கண்டேன். பழக்கமில்லாத கை. கூட்டக் கூட்ட, தன் சப்பாத்து அடையாளத்தின் மேல் தானே மிதித்தார். வேலிக்குப் பின்னால் அடக்க முடியாத சிரிப்புச் சத்தம். அவர் நிமிர்ந்து பார்த்தார், சத்தம் நின்றது. குனிந்தார், திரும்பவும் சிரிப்பு.

எங்கள் ஆட்கள் எல்லாரையும் அவர் விடுதியின் முன் விறாந்தைக்குக் கூட்டிப் போய், தன் கண்ணுக்கு முன்னால் இருத்தி வைத்தார். தேத்தண்ணி வந்தது.  ஒருவேளை அந்தப் பெண்கள் வராவிட்டால்? கிணற்றில் தண்ணீர் அள்ள இன்றைக்கென்று தேவையில்லாமல் போய்விட்டால்? யா அல்லாஹ், யாருக்காவது தாகம் எடுக்கட்டும் என்று கேட்டபடி இருந்தேன்.

அரை மணி கழித்துப் போனோம். மணலில் கூட்டிய தடமே இல்லை. பெரிய கால், சின்னக் கால், அவசரக் கால், குடத்தை இறக்கி வைத்த வட்டம், தண்ணீர் சிந்திய கோடு. ஒரு நிறைமாதக்காரியின் ஆழமான, அகன்ற அடி மருத்துவிச்சியின் அறை வரைக்கும் போயிருந்தது. கடப்படியில் எஞ்சினியர் சாத்தி வைத்த விளக்குமாற்றைக் காணவில்லை. அந்த இடத்தில் இறுக்கிக் கட்டிய ஒரு புது விளக்குமாறு இருந்தது. பக்கத்தில் மூடி வைத்த ஒரு கோப்பையில் இனிப்பு வட்டிலப்பம்.

எஞ்சினியர் குந்தியிருந்து ஒவ்வொரு அடியாகப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். பெரிய ஆண் கால். வெளியே போயிருந்தது, திரும்பி வரவில்லை.

"இது யார்?"

நான் திரும்பி எண்ணினேன். ஆதம்பாவா இல்லை, தேத்தண்ணி பரிமாறிய சந்தடியில் நழுவியிருக்கிறார். அதே நேரம் கடப்பால் அவரே வெற்றிலையைக் குதப்பியபடி வந்தார். எங்களைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஆண்களும் பாவிக்கிறார்களா?" என்று எஞ்சினியர் கேட்டார்.

"பசிச்சா பாவிக்கிறம் சேர்" என்றார் ஆதம்பாவா.

எஞ்சினியர் முதன்முறையாகச் சிரித்தார். பேனாவை எடுத்து, வரைபடத்தின் பின்கோட்டில் சிவப்பு மையால் சின்னதாக ஓர் இடைவெளி போட்டு, "பாவனையிலுள்ள பாதை, நேரில் கண்டேன்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். வட்டிலப்பத்தை நின்றபடியே சாப்பிட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்: "உங்கள் கடிதத்தில் பிழையை ஒத்துக்கொண்டிருந்தீர்கள். இல்லாவிட்டால் நான் விளக்குமாறு எடுத்திருக்க மாட்டேன்."

கலியாணம் நடந்தது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பதிவுகாரர் மாமி வீட்டு விறாந்தையில் காவின் புத்தகத்தை, அதாவது கலியாணப் பதிவேட்டை, விரித்தார். விபரங்களை அவர் திரைக்குப் பின்னால் இருந்த பெண்களிடம் கேட்டுக் கேட்டு எழுதியிருந்தார். என் மாமனார் பேசாத மனிதர். பேனாவை வாங்கினார், பிஸ்மி சொன்னார், காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தார், பேனாவை என்னிடம் நீட்டினார். சாப்பாட்டு வாசம் வீசியது. எல்லாரும் பசியோடு இருந்தார்கள். நான் பேனாவை வைக்கப் போனேன்.

"மகன்" என்றது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "முழுக்க வாசிச்சியா?"

சபை சிரித்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மேலேயிருந்து வாசிக்கத் தொடங்கினேன். ஊர், நாள், என் பெயர், என் வாப்பாவின் பெயர். அடுத்து மணமகளின் பெயர் என்ற இடத்துக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அங்கே மாமியின் பெயர் இருந்தது. மணமகளின் தாயார் என்ற இடத்தில் பெண்ணின் பெயர். கேட்டு எழுதிய அவசரத்தில் இரண்டும் இடம் மாறிவிட்டன. என் மாமனார் தன் பெண்சாதியை எனக்குக் கட்டிக்கொடுக்கச் சம்மதித்துக் கையெழுத்தும் வைத்துவிட்டு, அமைதியாக உட்கார்ந்திருந்தார்.

நான் பதிவுகாரரின் காதில் சொன்னேன். அவர் ஹாஜியாரிடம் சொன்னார். ஹாஜியார் ரகசியம் பேசிப் பழகாதவர். விறாந்தை குலுங்கியது. திரைக்குப் பின்னால் குரவை போட வைத்திருந்த மூச்செல்லாம் சிரிப்பாகப் போனது. பதிவுகாரர் நெற்றி வியர்க்க அந்தப் பக்கத்தை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். மாமனார் இரண்டாம் தரம் கையெழுத்து வைக்குமுன் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார்.

சிரிப்பு அடங்கியதும் மாமியின் குரல் திரும்பவும் வந்தது. "மகன், இனி என்ட புள்ளட பேரச் சத்தமா வாசி. எல்லாரும் கேக்கட்டும்."

கலியாணம் பேசிய நாளிலிருந்து நான் மனதுக்குள் மட்டுமே சொல்லிப் பார்த்திருந்த பெயர் அது. சபைக்கு நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து அதை உரக்க வாசித்தேன். திரைக்குப் பின்னால் காப்புச் சத்தம் கேட்டது. அதன் பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.